ர் தட்டுப்பாடு

அவரை நாங்கள் எல்லோரும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டோம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தஞ்சாவூரே சிரித்தது. கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் ஒரு பை, ஆண்கள் போடுகிற மாதிரி கனத்த செருப்பு. வார இதழ் ஒன்றின் மேனேஜர். அந்த நாளில் பத்திரிகை ஆபீசுக்குள் ஒரு பெண் நுழைந்தால் கோலப் போட்டிக்குப் பரிசு வாங்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். மேனேஜர் அறையில் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே சிலர் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்து போவார்கள்.

‘சார்’ வந்த கதையை போர்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்களுக்கும் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் அவர்தான் தலை. மெஷின் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்ததால் காது மந்தம். அதனால் ரகசியத்தைக்கூடத் தெருவுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்வார். பழைய மேனேஜர் விலகி இவர் பொறுப்பேற்ற முதல் நாள், போர்மேன் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து பார்க்காமலே, “சார், பக்கம் ரெடி, ஓட்டலாமா?” என்று கேட்டுவிட்டார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். போர்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஐயையோ, மன்னிச்சுக்குங்கம்மா” என்றாராம்.

“முதல்ல சொன்னதே இருக்கட்டும். ஓட்டுங்க” என்றாராம் இவர். “சரி. அடுத்தது?”

அந்த ‘சரி, அடுத்தது’ தான் அவர். பேப்பர் வரவில்லை என்று சொல்லுங்கள், விற்பனை ஏறிவிட்டது என்று சொல்லுங்கள், மெஷின்மேன் விரல் நசுங்கிவிட்டது என்று சொல்லுங்கள். செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, சரி, அடுத்தது. பின்னாளில் சென்னையில் எத்தனையோ பத்திரிகைகள் நடத்தும் பெரிய நிறுவனத்துக்கே அவர் தலைமை ஏற்றார். கோட்டு போட்ட ஆண்கள் வரிசையில் அவர் ஒருத்தர் மட்டும் புடவையில் நிற்கிற படத்தை ஏதோ பேப்பரில் பார்த்தேன். அப்போதும் அந்த முகம், ‘போட்டோ எடுத்தாச்சா? சரி, அடுத்தது’ என்றுதான் இருந்தது. எனக்கு அந்த முகத்தின் மேல் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு.

விளம்பரம் பிடிக்கிறவராகத்தான் வேலையில் சேர்ந்தாராம். ரைஸ்மில், உரக்கடை, பஸ் கம்பெனி என்று ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு ரைஸ்மில்காரர், “ஏம்மா, ஆம்பளைங்க யாரும் வரலியா?” என்று கேட்டிருக்கிறார். “வந்தாங்களே, நீங்க விளம்பரம் தரலைன்னு திரும்பி வந்துட்டாங்க. அதான் என்னை அனுப்பியிருக்காங்க” என்று சொல்லி, அங்கே இருந்த நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாராம். பின் அட்டை விளம்பரமே கிடைத்தது. மில்காரர் பிறகு ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சார் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஐப்பசியில் மழை கொட்டி, கடற்கரைப் பக்கம் போகிற ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லை. அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர்தான் எங்கள் ஏஜெண்டு. தொடர்கதை இந்த வாரம் வராவிட்டால் பெண்கள் தன் கடையை உடைத்துவிடுவார்கள் என்று தந்தி அடித்திருந்தார். சார் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். சுற்றுவழியாக மீன் ஏற்றி வந்துவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரியைப் பிடித்து, கட்டுகளை ஏற்றிவிட்டார். பத்திரிகை போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் பூரா, கதாநாயகி மேல் வஞ்சிர வாடை அடிக்கிறது என்று கார்டு மேல் கார்டாக வந்தது. ஹாலில் அவற்றைப் படித்துப் படித்து உருண்டோம். சார், “வாடை போயிடும். வாரம் போனா வராது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் கதைக்கு வருகிறேன். பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் ஒரு மிராசுதாரின் பண்ணையில் வேலை. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். புரூஃப் பார்க்க ஆள் வேண்டும், அதாவது அச்சாகுமுன் எழுத்துப் பிழை திருத்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். சார் நிமிர்ந்து பார்த்தார்.

“உட்காருங்க. உங்கப்பா என்ன பண்றார்?”

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும், தாலுகா ஆபீசிலும், ஆஸ்பத்திரியிலும் ‘உங்கப்பன் என்ன பண்றான்’ என்றுதான் கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தம்கூடக் கிடையாது. மழை பெய்கிற மாதிரி, அது அப்படித்தான். ‘பண்றார்’ என்றதும் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் இன்னொரு தரம் கேட்கவும் இல்லை. “நாளைலேருந்து வாங்க. சரி. அடுத்தது?” என்று வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். “உன்னையா? வாங்கன்னா சொன்னாங்க?” என்று அப்பா கேட்டார். அப்புறம் தட்டை என் முன்னால் வைத்து, “வாங்க, உக்காருங்க, கஞ்சி குடிங்க” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. “அந்தம்மாவ சாருங்கிறாங்க, உன்ன வாங்கங்கிறாங்க. என்னாடி ஆபீசு அது, எல்லாம் தலகீழா இருக்கு?” அதற்குப் பிறகு கோபம் வந்தால்கூட அப்பா என்னை ‘வாங்க’ போட்டுத்தான் திட்டுவார். தினமும் காலையில் வரப்பு வழியாக ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்து, பாசஞ்சர் நகருகிறவரை நின்று, “போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போவார்.

அது சண்டைக்காலம். ஆட்சி மாறி, மேடைதோறும் உழைப்பாளி, தமிழன், மானம் என்று மைக் முழங்கிக்கொண்டிருந்தது. வயலில் இறங்கினால் அதே ‘டேய்’ தான். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு ஊருக்கு ஊர் சங்கம், கொடி. மிராசுதார்கள் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். போலீஸ் வந்தது. தாசில்தார் பேச்சுவார்த்தை நடத்தினார். எங்கள் பத்திரிகையிலும் அந்தச் செய்திகளுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தின் புரூஃபில் ஒரு நாள் இப்படி ஒரு வரி வந்தது: ‘பேச்சுவார்த்தைக்கு மிராசுதார் வந்தார், தாசில்தார் வந்தார், சங்கத் தலைவன் வந்தான்.’ எழுத்துப் பிழை இல்லை என்று நான் டிக் போட்டிருந்தேன். சார் அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

“மிராசுதார் எப்படி வந்தார்?” என்று பொதுவாகக் கேட்டார். யாருக்கும் புரியவில்லை. “கார்ல வந்திருப்பாரு சார்” என்றார் போர்மேன்.

“சங்கத் தலைவர்?”

“நடந்துதான் சார்.”

“இனிமே நம்ம செய்தியில கார்ல வந்தாலும் வந்தார். நடந்து வந்தாலும் வந்தார். வந்தான், வந்தாள் கிடையாது.”

“கதையில சார்?”

“கதையில எழுதினவர் இஷ்டம். செய்தியில நம்ம இஷ்டம்.”

“திருடனுக்குமா சார்?” போர்மேனின் குரல் மேலவீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

“அவருக்கும்தான்” என்றார் சார். ஏன் என்று சொல்லவில்லை. எதற்குமே ஏன் என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆடு திருடியதாக ஒருவர் கைது செய்யப்பட்டார் என்று போட்டோம். ‘அப்படியானால் ஆடு எவ்வாறு அழைக்கப்பட வேண்டும்? ஆடும் கத்தினாரா?’ என்று ஒரு வாசகர் கார்டு எழுதினார். “ஆடு கத்தியது. சரி, அடுத்தது?” என்றார் சார். கிண்டல் எல்லாம் தாங்கக்கூடியதுதான். வேறொரு வில்லங்கம் வந்தது. அப்போது ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் வார்த்து, மரப்பெட்டியில் எழுத்துக்கு ஒரு குழியாகப் போட்டு வைத்திருப்பார்கள். குழியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தால்தான் வார்த்தை. பழைய கணக்குக்கு ஏற்றபடிதான் குழியில் எழுத்து இருக்கும். திடீரென்று எல்லோரும் ‘ர்’ ஆகிவிட்டால்?

“சார், ர் தீந்து போச்சு. ன்-னும் ள்-ளும் குமிஞ்சு கிடக்கு, சீந்த ஆளில்ல” என்று போர்மேன் வந்து நிற்பார். அச்சான பக்கத்தைக் கலைத்து, அதிலிருந்து ர் எடுத்துத்தான் அடுத்த பக்கத்தைக் கோக்கவேண்டியிருந்தது. சென்னையில் எழுத்து வார்க்கிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் ர் வாங்கவேண்டும் என்று சார் முதலாளியிடம் கேட்டார். பத்திரிகைக்குச் சொந்தக்காரர் அவர்தான், ஆசிரியர் என்று அச்சாவதும் அவர் பெயர்தான். “ஊர்ல இருக்கிறவன், போறவன் எல்லாத்துக்கும் ர் போட்டா எங்கேர்ந்து கட்டுப்படியாகும்?” என்று அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இப்போது கம்ப்யூட்டரில் தட்டத் தட்ட ர் வந்துகொண்டே இருக்கிறது. தட்டத்தான் பலருக்கு மனசு வருவதில்லை.

தை மாதம். சம்பா அறுவடை. எங்கள் ஊர்ப் பண்ணையிலும் லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருக்காரர்கள் போய் வயலில் நின்றார்கள். கம்போடு சிலர் வந்தார்கள். அப்பா வாய்க்கால் ஓரத்தில் விழுந்து கிடந்தாராம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சேதி எனக்கு ஆபீசுக்கு வந்தது. சொன்னவர் அழுதார். நான் கையில் இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்தேன்.

“கிளம்புங்க. ரிக்‌ஷா வாசல்ல நிக்குது” என்றார் சார். அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. அம்மா மார்பில் அறைந்துகொண்டபோது அந்தச் சத்தம் பக்கத்து வீட்டில் ஏதோ இடிக்கிற மாதிரி கேட்டது. வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் அவர்கள் தோளில் இருந்த சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. கருமாதிகூட ஆகவில்லை, அதற்குள் பாசஞ்சர் ஏறி வேலைக்கு வந்துவிட்டேன். ஸ்டேஷனுக்குத் தனியாக நடந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

“வந்துட்டீங்களா? சரி” என்றார் சார். அடுத்தது என்ன என்று கேட்கவேண்டாம், மேசை மேல் புரூஃப் இருந்தது. ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அந்தக் கோபத்தைத்தான் மேலே சொன்னேன்.

மேசையில் இருந்தது எங்கள் ஊர்ச் செய்தி. ‘வெளியூர் ஆட்கள் அறுவடை செய்ததை உள்ளூர் ஆட்கள் தடுத்ததால் கைகலப்பு மூண்டது. கூலியாள் ஒருவன் இறந்தான். மிராசுதார் வருத்தம் தெரிவித்தார்.’ படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. இறந்தான் என்பதில் ‘ற’ சரியாக இருந்தது.

செய்தியை முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்திருந்தார். அந்த மிராசுதார் அவருக்குச் சம்பந்தி. அன்று மத்தியானம் ஹாலுக்கே வந்து, எல்லோர் முன்னாலும் சாரிடம் சொன்னார். “இந்த ஒரு செய்திக்கு உங்க சட்டமெல்லாம் வேண்டாம். செத்தது யாரு? பண்ணையாளு. இறந்தான்னு போட்டா போதும். ஒரு எழுத்து மாறுச்சு, நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான், சொல்லிட்டேன்.”

செத்தவர் என் அப்பா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. சார் என்னைப் பார்க்கவில்லை. “சரி” என்றார். முதலாளி கார் ஏறிப் போனார்.

சார் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரைஸ்மில் வாசலும் மீன் லாரியுமாக எத்தனை வருஷம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு நாற்காலியில் வேறு பெண் யாராவது உட்கார்ந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என் மேசையில் இருந்த புரூஃபை எடுத்துக்கொண்டு எழுத்துக் கோக்கிற இடத்துக்குப் போனார். நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கால் போயிற்று.

“இறந்தார்னு மாத்துங்க” என்றார் போர்மேனிடம்.

போர்மேன் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். “ர் இல்ல சார். சத்தியமா இல்ல. அத்தனையும் தொடர்கதைப் பக்கத்துல மாட்டியிருக்கு. அதுவும் மெஷின் மேல ஏறிடுச்சு.”

“இந்தச் செய்திக்குள்ள எங்க இருக்கு?”

போர்மேன் குனிந்து பார்த்தார். ஈயத்தில் எல்லாம் தலைகீழாக இருக்கும், அவருக்கு அதுதான் நேர். “வெளியூர்ல ஒண்ணு. உள்ளூர்ல ஒண்ணு.”

“ஊர் இருக்கட்டும்.”

“அப்புறம் மிராசுதார்ல ஒண்ணு. தெரிவித்தார்ல ஒண்ணு.”

சார் புரூஃபின் கடைசி வரியைப் பார்த்தார். “மிராசு தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டதுன்னு போடுங்க” என்றார். “ரெண்டு ர் மிஞ்சும்.”

போர்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் மாறியது. “சார், நாற்காலி...”

“நாற்காலிக்கு ர் வேண்டாம். அது அஃறிணை” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கப்பா பேர் என்ன?”

“மாரிமுத்து” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

சார் சொல்லச் சொல்ல போர்மேன் கோத்தார். ‘விவசாயத் தொழிலாளி மாரிமுத்து இறந்தார். அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்.’ மிராசுதாரிடமிருந்து எடுத்த இரண்டு ர்-ரில் ஒன்று அப்பாவுக்குப் போயிற்று. இன்னொன்றை நானும் அம்மாவும் பங்கு போட்டுக்கொண்டோம். பக்கம் மெஷினில் ஏறியது. “சரி. அடுத்தது?” என்று சொல்லிக்கொண்டே சார் அறைக்குப் போய்விட்டார். ஊர் ஊருக்குக் கட்டுகள் கிளம்பின.

நான் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். இறந்தார் என்றதும், “இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள். சொன்னேன். “உங்கப்பாவயா சொல்றாங்க? ‘ஆர்’னா? அது எந்த எழுத்து?” என்று கேட்டாள். காட்டினேன். அம்மா அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“இத்தன நாளும் இந்த ஊருல நான் ஒருத்திதான்டி அவர அவருன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனபோது முதலாளியின் கார் வாசலில் நின்றது. மேனேஜர் நாற்காலியில் முதலாளியின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். சார் ஹாலில் நின்றபடியே பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். டிபன் கேரியர், குடை, கண்ணாடிக் கூடு. ஹாலில் யாரும் தலை நிமிரவில்லை. போர்மேன் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வாசல்படியில் வந்து நின்றார். மெஷின் நின்று அந்த ஆபீசை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் சாரிடம் போனேன். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மரத்துக் கிடந்தது எல்லாம். அதனால் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சார் குடையைப் பைக்குள் வைக்கப் போனவர், கையிலேயே வைத்திருந்தார்.

“சரி” என்றார்.

நான் நின்றேன். அடுத்தது என்று கேட்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன். கேட்கவில்லை.